பின்காலனியக் கோட்பாட்டை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: தமிழ் வழியில் படித்துவிட்டு டெல்லியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருக்கிறேன். பின்காலனியத் தாளில் (காலனிய ஆட்சி விட்டுச்சென்ற தாக்கத்தை ஆராயும் கோட்பாடு) வரும் கோட்பாட்டாளர்கள் ஹோமி பாபா, காயத்ரி ஸ்பிவாக் இருவருமே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் ஆங்கிலம் இதற்குக் காரணமில்லை. கான்வென்டில் படித்தவர்களுக்கும் அந்தப் பக்கங்கள் அப்படித்தான் இருக்கும். இவர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆவணத்தையோ சம்பவத்தையோ நாவலையோ எதிரே வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். அதைப் படிக்காமல் வாதத்தை மட்டும் படித்தால், வழக்கு என்னவென்று தெரியாமல் வக்கீல் பேச்சைக் கேட்ட கதைதான்.

பாபாவுக்கு நீங்கள் இருக்கும் ஊரிலிருந்தே தொடங்கலாம். 'சைன்ஸ் டேக்கன் ஃபார் வொண்டர்ஸ்' என்ற 1985 கட்டுரையை எடுங்கள். 1817 மே மாதம், டெல்லிக்கு வெளியே ஒரு தோப்பு. ஏறத்தாழ ஐந்நூறு பேர் மரத்தடியில் உட்கார்ந்து, தங்கள் மொழியில் அச்சான நற்செய்தியைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மீரட்டிலிருந்து விரைந்து வந்த உபதேசியார் ஆனந்த் மசீஹ், இது ஐரோப்பிய சாகிபுகளின் வேதம் என்கிறார். அதெப்படி, அவர்கள் மாமிசம் தின்பவர்களாயிற்றே என்று மறுக்கிறார்கள். மற்ற வழக்கமெல்லாம் ஏற்கிறோம், நற்கருணை (அப்பமும் ரசமும் பெறும் கிறிஸ்தவச் சடங்கு) மட்டும் வேண்டாம், ஐரோப்பியர்கள் பசு இறைச்சி தின்கிறார்கள் என்கிறார்கள்.

இந்தப் பகுதியை மட்டும் முதலில் படித்து, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று தமிழில் பத்து வரி எழுதி எண் போடுங்கள். பிறகு பாபாவின் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், அது எந்த வரியைப் பற்றியது என்று அந்த எண்ணைக் குறியுங்கள். எண் கிடைக்காத பத்திகளில் பெரும்பாலும் பிரெஞ்சுச் சிந்தனையாளர்களான டெரிடாவோடோ ஃபூக்கோவோடோ பேசிக்கொண்டிருப்பார். முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டலாம்.

பாபாவின் முக்கியக் கருத்தான கலப்புத்தன்மை (hybridity) என்றதும் மாணவர்கள் 'இரண்டு பண்பாடுகளின் கலவை' என்று எழுதிவிடுகிறார்கள். மார்க் போவது அங்கேதான். தோப்பில் இருந்தது சாகிபுகள் அச்சடித்துக் கொடுத்த அதே நூல். ஆனால் மரத்தடிக்கு வந்ததும் அதை வைத்தே சாகிபின் தகுதியைக் கேட்கிறார்கள். அதிகாரத்தின் குறி வேறிடத்தில் திரும்பச் சொல்லப்படும்போது பழைய பொருளில் நிற்பதில்லை, அதிகாரத்தையே கலங்கடிக்கிறது. பாபா அந்தச் சொல்லால் குறிப்பது இதைத்தான்.

ஸ்பிவாக்கின் 'கேன் த சபால்டர்ன் ஸ்பீக்?' (அடித்தள மக்களால் பேச முடியுமா?) என்ற 1988 கட்டுரையைக் கடைசியிலிருந்து படியுங்கள். முடிவில் புவனேஸ்வரி பாதுரி வருகிறார். 1926இல் வடக்குக் கல்கத்தாவில் தூக்கிட்டுக்கொண்ட இளம்பெண். ஆயுதப் போராட்டக் குழு ஒன்று ஒப்படைத்த அரசியல் கொலையைச் செய்ய முடியாமல் உயிரை விட்டவர். கள்ளக் கர்ப்பம் என்று பேசிவிடக் கூடாதென்று மாதவிலக்கு வரும்வரை காத்திருந்தார். அப்படியும் பின்னாளில் குடும்பத்தார் அதைக் காதல் விவகாரம் என்றே நினைத்தார்கள். தன் உடலையே எழுத்தாக்கிச் சொன்னதும் யார் காதிலும் ஏறவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு சதி எனும் உடன்கட்டை ஏறுதல் பற்றிய பகுதிக்கும், அதன்பின் முன்னால் இருக்கும் ஃபூக்கோ, டெலூஸ் (இவரும் பிரெஞ்சுச் சிந்தனையாளர்) பகுதிக்கும் போனால் வாதம் பிடிபடும். 'அடித்தள மக்களால் பேச முடியாது' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்தப் பக்கங்களைத் தொடாதவர்கள். நகல் கடையில் எடுக்கும்போது பின்குறிப்புகளும் சேர்ந்து வந்தனவா என்று பாருங்கள். அவற்றை விட்டால் பாதி வாதம் போயிற்று.

இதே தாளில் வரும் எட்வர்ட் சையீதுக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். இந்தியாவில் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் 1835 பிப்ரவரி 2 குறிப்பை ஒரே உட்காரலில் படித்துவிட்டு, சையீதின் 1978 நூலான 'ஓரியண்டலிச'த்தின் முன்னுரையும் முதல் அத்தியாயமும் போதும். உடனே 1992இல் வந்த, மார்க்சிய விமர்சகர் ஐஜாஸ் அகமதின் மறுப்பையும் படியுங்கள். எதிர்வாதம் இல்லாத விடை தோத்திரம்போல ஆகிவிடும். நெட் தேர்வுக்கு (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) காலவரிசை அவசியம்: ஃபனானின் 'த ரெட்ச்சட் ஆஃப் தி எர்த்' 1961, சையீது 1978, ஸ்பிவாக் 1988, பாபாவின் நூல் 'த லொகேஷன் ஆஃப் கல்ச்சர்' 1994. பாபாவின் கட்டுரைகள் பல நூலுக்கு முன்பே வெளிவந்தவை. அந்த ஆண்டுகளைத் தனியாக எழுதி வையுங்கள்.

தமிழில் குறிப்பெடுத்தால் ஆங்கிலம் எப்போது வரும் என்று யாராவது கேட்பார்கள். விடை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். குறிப்பு, உங்களுக்குப் புரிந்ததா என்று பார்க்க. பாபாவை எளிமைப்படுத்திவிட்டேன் என்று ஆய்வாளர்கள் கோபிக்கலாம். கேட்டவர் முதலாண்டு மாணவர், அதை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தாளில் இந்தியா என்றால் ஆங்கில நாவல் என்று ஆகிவிட்டது பெரிய அநியாயம். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன மருதியைப் பற்றியது. பேரரசின் தேயிலைக்கு யார் உடம்பு விலையானது என்பதை இவ்வளவு அருகில் காட்டும் எழுத்து பாடத்திட்டத்தின் கண்ணில் படவே இல்லை. பின்காலனியம் பேசும் துறையே ஆங்கிலத்தைத் தாண்டி எட்டிப் பார்க்காவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

செமினார் தாள் எழுத வேண்டி வந்தால் அந்தக் கதையையே எடுங்கள். மேற்கோள் காட்டும் பத்திகளை நீங்களே ஆங்கிலத்தில் பெயர்த்து, தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பில் வையுங்கள். தலைப்பைப் பதிவு செய்யும் முன்பே வழிகாட்டியிடம் சம்மதம் வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் 'இது ஆங்கிலத் துறைக்குப் பொருந்தாது' என்று திருப்பி அனுப்பினால் வேறு தலைப்புக்கு நேரம் இருக்காது.