வயோதிபத் தம்பதி கொலை: ஆள் பிடிபடாவிட்டால் வழக்கு மூடப்பட்டுவிடுமா?

கேள்வி: தோட்டப்புறத்தில் தனியாக வாழ்ந்த வயோதிபத் தம்பதி வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். கதவு உடைபடவில்லை, நகையும் அப்படியே இருந்தது. காலம் ஓடியும் யாரும் பிடிபடவில்லை. வழக்கு மூடப்பட்டுவிடுமா?

காலம் கடந்ததற்காக மூடப்படாது. இலங்கையின் 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456 ஆம் பிரிவில் மற்றக் குற்றங்களுக்குத்தான் பொதுவாக 20 வருட எல்லை. கொலைக்குக் காலவரையறையே இல்லை.

கதவு உடைபடாததால் “தெரிந்த ஆள்தான்” என்று லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) முழுக்கப் பேசுவார்கள். இருக்கலாம். ஆனால் பொழுது சாயும்வரை கதவைத் திறந்தே வைத்திருக்கும் ஊரில் அது பெரிய துப்பு இல்லை. நகை இருந்ததும் அப்படித்தான். திருட வந்தவன் பயந்து ஓடியிருக்கலாம்.

உண்மையான சிக்கல் இறந்த நேரம். நுவரெலியாப் பக்கக் குளிரில் உடல் சீக்கிரம் ஆறிவிடும், அழுகலோ மெதுவாகும். மெலிந்த உடல் இன்னும் வேகமாகக் குளிரும். அதனால் ஒன்றாக இறந்த இருவரும் வெவ்வேறு நேரத்தில் இறந்ததுபோலத் தோன்றலாம். பிரேத பரிசோதனை செய்யும் சட்ட வைத்திய அதிகாரி, இறந்த நேரத்தை “இந்த மணிக்கும் அந்த மணிக்கும் இடையில்” என்று பல மணிநேர இடைவெளியாகச் சொல்வது இதனால்தான். இடைவெளி அகன்றால், “அப்போது நான் டவுனில் நின்றேன்” என்பவனின் கதையைச் சோதிப்பதும் கஷ்டமாகிவிடும்.

அப்புறம், “பொலிஸில் ஒருவன் ஒத்துக்கொண்டானாமே, ஏன் விட்டார்கள்?” என்பார்கள். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவுப்படி பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அவன் சொல்லி ஒரு கத்தி கிடைத்தால், அதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் 27 ஆம் பிரிவில் ஏற்கப்படும்.