ஐஸ் பெட்டிக்கு ஒரு சி ஷார்ப் நிரல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணன்,

மண்டபம் ஊரில் மாமாவின் மீன் கம்பெனி ஐஸ் பெட்டிகளில் வெப்பநிலை பார்க்க ஈஎஸ்பி32 என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வைக்க நினைக்கிறேன். கல்லூரியில் சி ஷார்ப் படித்ததால், அந்த மொழியை இத்தகைய போர்டுகளில் ஓட்டும் நானோஃபிரேம்வொர்க்கை எடுத்தேன். என் பழைய லேப்டாப் விஷுவல் ஸ்டுடியோவைத் தாங்கவில்லை. அதன் எடிட்டர் இல்லாத பில்ட் டூல்ஸ் மட்டும் போட்டு கமாண்ட் லைனில் முயன்றால் எம்எஸ்பி4019 என்ற பிழை வருகிறது. பேசாமல் சி மொழிக்குப் போய்விடு என்கிறார்கள் நண்பர்கள். போகட்டுமா?

– மண்டபம் வாசகர்

அன்புள்ள தம்பி,

போக வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலை வாசிக்க சி ஷார்ப் தாராளம். நிரலை மொழிமாற்றும் கம்பைலர் உங்கள் கோடை இன்னும் தொடவே இல்லை. ப்ராஜெக்ட் கோப்பு வேறொரு கோப்பை இம்போர்ட் செய்யச் சொல்கிறது, அது அங்கே இல்லை. அந்தப் பிழை சொல்வது இவ்வளவுதான்.

நானோஃபிரேம்வொர்க்கின் பில்ட் விதிகள் விஷுவல் ஸ்டுடியோ எக்ஸ்டென்ஷனோடு வருபவை. பில்ட் டூல்ஸில் அவை கிடையாது. எக்ஸ்டென்ஷனை இறக்கிப் பாருங்கள், விஎஸ்ஐஎக்ஸ் கோப்பு என்பது வெறும் ஜிப்தான். பிரித்து, எம்எஸ்பில்ட் பகுதியில் உள்ள நானோஃபிரேம்வொர்க் ஃபோல்டரை, பிழைச்செய்தி எந்தப் பாதையில் தேடியதாகச் சொல்கிறதோ அங்கே வையுங்கள். இந்த வகை ப்ராஜெக்டுக்கு 'டாட்நெட் பில்ட்' என்ற வழக்கமான கட்டளை ஆகாது, பில்ட் டூல்ஸோடு வரும் எம்எஸ்பில்ட்தான். அதற்கு முன், தேவையான லைப்ரரி பேக்கேஜ்களைக் கொண்டுவரும் நுகெட் ரீஸ்டோரைத் தனியாக ஓட்ட வேண்டும். மண்டபத்தில் நெட் சரியாகக் கிடைக்காத நாளுக்கு, பேக்கேஜ்களை ஒரு ஃபோல்டரில் போட்டு அதையே நுகெட்டுக்கு மூலமாகக் காட்டலாம்.

அப்புறம் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், விஷுவல் ஸ்டுடியோ இதையெல்லாம் ஒரு பட்டனுக்குள் ஒளித்துவிடும். கம்பைலர் உங்கள் சி ஷார்ப்பை சிப்பின் மொழிக்கு மாற்றுவதில்லை, ஐஎல் என்ற இடைமொழிக்குத்தான் மாற்றி ஒரு டிஎல்எல் கோப்பில் வைக்கிறது. மேனேஜ்டு கோடு என்பது அதுதான். ஈஎஸ்பி32-வின் 520 கேபி ரேமுக்கு அந்த டிஎல்எல் பெரிது. அதனால் மெட்டாடேட்டா ப்ராசசர் என்ற கருவி அதைச் சுருக்கி பிஇ கோப்பாக்குகிறது. போர்டில் உள்ள நானோசிஎல்ஆர் என்ற மென்பொருள் அதைக் கட்டளை கட்டளையாக வாசித்து ஓட்டும், நினைவகத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். எல்லா பிஇ கோப்புகளும் சேர்ந்த ஒரு பின் (.bin) கோப்பு கடைசியில் கிடைக்கும். அதை நானோஎஃப்எஃப் என்ற கருவியால் போர்டில் ஏற்றலாம்.

ஆனால் பலரும் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். வன்பொருளைத் தொடும் லைப்ரரிகளுக்கு, நானோசிஎல்ஆர் அடங்கிய போர்டின் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரிலும் ஒரு பாதி உண்டு. இரண்டின் செக்சம், அதாவது சரிபார்ப்பு எண், பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பில்ட் அழகாக முடியும், போர்டில் மட்டும் எதுவும் ஓடாது. பேக்கேஜை ஒரு நாளும் ஃபர்ம்வேரை வேறொரு நாளும் அப்டேட் செய்தால் இதுதான் நடக்கும். ஆகவே பேக்கேஜ் பதிப்புகளை மாற்றாதீர்கள். ஃபர்ம்வேர் ஏற்றும்போதும் நானோஎஃப்எஃப்-இடம் பதிப்பு எண்ணைச் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் அது புதியதைக் கொண்டுவந்துவிடும்.

உங்கள் ஊருக்கு இது கூடுதலாகவே முக்கியம். உப்புக்காற்றும் ஐஸ் தண்ணீரும் படும் இடத்தில் போர்டு அடிக்கடி போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேலைக்கு வெளியூர் போன பிறகு ஒரு போர்டு செத்தால், புதியதை மாமாவின் கணக்குப்பிள்ளை செருகி கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் (.bat) கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் போதும் என்று இருக்க வேண்டும். ஃபர்ம்வேர் ஏற்றுவது, பின் கோப்பை ஏற்றுவது, இரண்டும் அதற்குள். எனக்கு கமாண்ட் லைன் பிடிக்கக் காரணமே இதுதான், லேப்டாப் பழசு என்பது இரண்டாம்பட்சம்.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வாங்கலாமா என்று யாராவது கேட்டால்: அதில் முழு டாட்நெட் ஓடும், 'டாட்நெட் பப்ளிஷ்' போதும். பழைய பை ஜீரோ மட்டும் வேண்டாம், அதன் ஏஆர்எம்வி6 சிப்பில் டாட்நெட் ஓடாது. ஒரு ஐஸ் பெட்டிக்கு அதெல்லாம் அதிகம்தான்.

ஃபோல்டரை வைத்த பிறகும் பிழை வந்தால் திரையில் வருவதை முழுதாக அனுப்புங்கள், கடைசி வரியை மட்டும் அல்ல.