மிதித்தால் கிரீச்சிடும் பலகை

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பலகை வீடு தூண்மேல் நிற்கிறது. கூடத்தில் இரண்டு பலகைகள் மிதித்தாலே கிரீச்சிடுகின்றன. ஆணியை அடித்து இறக்கினாலும் மறுபடி எழும்புகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அதே ஆணியை இனி அடிக்காதீர்கள், அம்மா. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மரத்தில் ஆணித் துளை அகன்றுவிடும்; தளர்ந்த பலகை ஆணியில் உரசுவதுதான் சத்தம்.

ஒருவர் மேலே மிதிக்க, இன்னொருவர் வீட்டுக்கடியில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பலகைக்கும் அதைத் தாங்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே சந்து இருந்தால், மெல்லிய மர ஆப்பில் மரப்பசை தடவிக் கையால் இறுகும்வரை தள்ளுங்கள். ஓங்கி அடித்தால் பலகை தூக்கிக்கொள்ளும், அடுத்த பலகை கத்தத் தொடங்கும்.

சந்து இல்லையா? பழைய ஆணிக்கு ஓர் அங்குலம் தள்ளித் திருகாணி போடுங்கள். முக்கால் அங்குலப் பலகைக்கு 2 அங்குலம் போதும். பலகையில் திருகாணி தளர்வாக நுழையும் துளை, சட்டத்தில் அதைவிடச் சிறியது. கெம்பாஸ் போன்ற வன்மரத்தில் துளையிடாமல் முடுக்கினால் திருகாணியே முறியும்.

பலகையும் பலகையும் உரசினால் இடுக்கில் டால்கம் பவுடர்; தற்காலிகம்தான்.

இதையெல்லாம் தொடங்கும் முன், சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் கறையானோ உளுத்தலோ இருக்கும். அந்தச் சட்டத்தை மாற்றாமல் எந்தத் திருகாணியும் பிடிக்காது.