ஐபோனுக்கு மாறியாச்சு, அப்புறம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தீபாவளி ஆஃபர் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆண்ட்ராய்டை விட்டு ஐபோனுக்குப் போனவர்களுடையவை.

ஏழு வருட வாட்ஸ்அப் சாட் கூகுள் டிரைவில் இருக்கிறது. ஐபோனில் வாட்ஸ்அப் போட்டு ஒரு வாரம் ஆச்சு, பழையது எதுவும் வரவில்லை. போனது போனதுதானா? (சிம்மக்கல் வாசகி)

போகவில்லை. ஆனால் ஐபோன் வாட்ஸ்அப், ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பிடமான ஐகிளவுடில்தான் பேக்கப்பைத் தேடும், கூகுள் டிரைவ் பக்கம் எட்டிப் பார்க்காது. இருப்பது ஒரே ராஜபாட்டை: ஆப்பிளின் 'மூவ் டூ ஐஓஎஸ்' ஆப். 2022 முதல் வாட்ஸ்அப் சாட்டையும் அது கொண்டுவருகிறது. சிக்கல் என்னவென்றால், ஐபோனை முதன்முதலில் ஆன் செய்து செட்டப் செய்யும்போது மட்டும்தான் அது வேலை செய்யும். நீங்கள் ஒரு வாரம் ஓட்டிவிட்டதால் ஐபோனை முழுவதும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும்.

அழிப்பதற்கு முன் இந்த ஒரு வாரத்துச் சாட்டில் முக்கியமானதை எக்ஸ்போர்ட் செய்து மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். பழையதும் புதியதும் ஒன்றாகச் சேராது. பிறகு பழைய போனில் அதே நம்பரில் வாட்ஸ்அப்பைத் திறந்து, சாட் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே டிரைவிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். அடுத்து இரண்டு போனையும் சார்ஜரில் போட்டு, ஒரே வைஃபையில் வைத்து மாற்றுங்கள். கால் ஹிஸ்டரி வராது. சாட், குரூப், போட்டோ வந்துவிடும். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை கரண்ட் எடுக்கும் நாளில் மட்டும் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

விளக்குத்தூண் பக்கம் சுங்குடிக் கடை வைத்திருக்கிறேன். பில் அடிக்கும் குட்டி ப்ளூடூத் பிரிண்டர் ஐபோனில் கண்ணிலேயே படவில்லை. அதே பில்லிங் ஆப்தான் போட்டிருக்கிறேன்.

ஆப் மேல் தப்பில்லை. விலை குறைந்த தெர்மல் பிரிண்டர்களில் பல, பழைய வகை ப்ளூடூத்தில் பேசுபவை. அந்த வழியில் ஐபோனோடு இணைய வேண்டுமானால் கருவிக்கு ஆப்பிளின் அனுமதி வேண்டும், இவற்றில் பலவற்றுக்கு அது இல்லை. 'ப்ளூடூத் லோ எனர்ஜி' என்ற புது வகை ப்ளூடூத் அல்லது வைஃபை உள்ள பிரிண்டர் என்றால் சிக்கல் குறைவு. பெட்டியில் ஐஓஎஸ் (ஐபோனின் மென்பொருள்) என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், உங்கள் ஆப்பில் ஒரு பில் அடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். என்னைக் கேட்டால், பழைய ஆண்ட்ராய்டைக் கல்லாப் பக்கம் பில்லுக்கென்றே வைத்துவிடுவேன். புது பிரிண்டர் செலவு மிச்சம்.

மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம். ஜிபே ஐபோனில் உண்டா? பின் நம்பர் மாறுமா?

உண்டு. ஜிபே, போன்பே, பேடிஎம், பீம் எல்லாமே இருக்கின்றன. யுபிஐ பின் உங்கள் வங்கிக் கணக்கோடு சேர்ந்தது, போனோடு அல்ல. பழைய பின்னே போதும். பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். எஸ்எம்எஸ் போகாத ரீசார்ஜாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். உங்களுக்கு முக்கியமானது வேறு: புது போனில் பதிவு செய்த முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. சில வங்கிகள் ஐபோனுக்கு இந்த நேரத்தை இன்னும் நீட்டுகின்றன. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாற்றிவிட்டு, விடியற்காலையில் மல்லிகை கொண்டுவந்த விவசாயிக்குப் பணம் அனுப்ப முடியாமல் கையைப் பிசையாதீர்கள்.

இரண்டு சிம் வைத்திருக்கிறேன். ஐபோனில் ஒன்றைத்தான் போட முடிகிறது. (மேலூர்)

இங்கே விற்கும் பெரும்பாலான ஐபோன்களில் ஒரு சிம்தான் செருகலாம். இரண்டாவதை இ-சிம்மாக, அதாவது செருகத் தேவையில்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்மாக, மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியபின் 24 மணி நேரம் அந்த நம்பரில் எஸ்எம்எஸ் தடைபட்டிருக்கும், ஓடிபி வராது. மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. அதனால் வங்கி நம்பர் இருக்கும் சிம்மை அப்படியே செருகிவிட்டு, மற்றதை இ-சிம் ஆக்குவது நல்லது.

தமிழில் டைப் செய்ய எந்த ஆப்? (திருநகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஆப்பே வேண்டாம் ஐயா. ஐபோனிலேயே தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் கீபோர்டுகளும் இருக்கின்றன. செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழகிய கை மாறாது என்றால் செல்லினம், ஜிபோர்டு என்ற கீபோர்டு ஆப்களும் ஐபோனுக்கு உண்டு.

ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்கிய ஆப் ஐபோனில் இலவசமாக வருமா?

வராது. திரும்ப வாங்க வேண்டும். மாதாமாதம் பணம் பிடிக்கும் சந்தா இருந்தால் பிளே ஸ்டோரில் போய் நிறுத்துங்கள். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது.

பழைய போனை இன்றே எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா? (உசிலம்பட்டி)

கடைக்காரர் ஒத்துக்கொண்டால் பத்து நாள் அவகாசம் கேளுங்கள். நான் ஒருமுறை டவுன் ஹால் ரோட்டில் அன்று சாயங்காலமே கொடுத்துவிட்டு வந்தேன். மெயிலுக்குள் நுழைய ரகசிய எண் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் அந்தப் போனோடு போய்விட்டது. மெயிலைத் திரும்பப் பெற நாலு நாள் அலைந்தேன். வங்கி ஆப், மெயில், வாட்ஸ்அப் எல்லாம் புதியதில் திறந்தபின், பழைய போனிலிருந்து கூகுள் கணக்கை நீக்கி ரீசெட் செய்யுங்கள். கொடுப்பதற்கு முன் சிம் ட்ரேயை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஐபோனில் மெமரி கார்டுக்கு இடமில்லை என்பதால் அதைப் பழைய போனிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம்.