கோள் என்றால் உருண்டை என்று யார் சொன்னது?

கேள்வி: ஆசிரியர் ஐயா, நம் பூமி உளுந்து வடையைப் போல நடுவில் துளையோடு இருந்தால், அந்தக் கோளில் வாழ்க்கை எப்படி இருக்கும்? மாமாவிடம் கேட்டேன். "இதெல்லாம் ஆங்கிலத்தில் படித்தால்தான் விளங்கும், தமிழில் கேட்காதே" என்று சொல்லிவிட்டார்.
– நான்காம் படிவ மாணவி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: மகளே, வடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உன் கேள்வியில் 'கோள்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைத் தாண்டி என்னால் மேலே போக முடியாது.

கோளம் என்றால் உருண்டை, அதிலிருந்து வந்தது கோள், ஆகவே உருண்டையாக இருப்பதே கோள் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நூல் வெளியீட்டில் இதைக் கேட்டதும் எழுந்து நின்று மறுத்தேன். அந்தப் பேச்சாளர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நானும் இன்றுவரை மறுக்கிறேன். கோள் பிறந்தது 'கொள்' என்ற வினையில். கொள்ளுதல், பற்றுதல், பிடித்தல். கொள்கலமும் கொள்கையும் கொள்ளையும் அதே வீட்டுப் பிள்ளைகள். ஊரில் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூட்டுகிறார்களே, அந்தக் கோளும் இதே சொல்தான். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், மேற்பார்வையாளரான மண்டோரின் காதில் விழுந்த ஒரு கோள், பல வீடுகளில் அடுப்பை அணைத்திருக்கிறது.

நிலையாக நிற்கும் விண்மீன்களை நாள்மீன் என்றும், அவற்றிடையே இடம் மாறித் திரிபவற்றைக் கோள்மீன் என்றும் சங்க காலத்திலேயே பிரித்துப் பெயரிட்டார்கள். அந்தப் பெயரில் வடிவத்தைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. பழந்தமிழர் ஈர்ப்பு விசையை அறிந்தே இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று இதை வைத்து நாளை ஒருவர் கட்டுரை எழுதக்கூடும். அவரோடும் எனக்குச் சண்டை உண்டு. அவர்கள் எண்ணிய பிடி வேறு. நான் சொல்வது இவ்வளவுதான்: கோள் உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று தமிழ் கட்டளையிடவில்லை. அந்தக் கட்டளையை 2006இல் பிராக் நகரில் கூடிய அனைத்துலக வானியல் ஒன்றியம் இட்டது. சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பால் ஏறத்தாழ உருண்டையாகியிருக்க வேண்டும். தன் பாதையைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ விழுந்தது. உன் வடை இரண்டாவதிலேயே விழும். தமிழில் விழாது.

இப்போது பார், 'பிடி' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மற்றதெல்லாம் சொல்லிவிடலாம். பெரிய பொருளின் ஈர்ப்பு எல்லாவற்றையும் நடுவை நோக்கிப் பிடித்திழுக்கிறது. குறுக்களவு சில நூறு கிலோமீட்டரைத் தாண்டினால் பாறையும் பனிக்கட்டியும் அந்தப் பிடிக்கு வளைந்து உருண்டையாகிவிடும். சிறியவற்றில் பிடி போதாது. செவ்வாயின் நிலாவான ஃபோபோஸ் உருளைக்கிழங்காக நிற்பது அதனால்தான். 2014இல் ரொசெட்டா விண்கலம் எட்டிய வால்மீனோ இரண்டு கட்டிகள் ஒட்டியது போல இருந்தது. பிடியை எதிர்ப்பது சுழற்சி. நெப்டியூனுக்கு அப்பால் இருக்கும் குறுங்கோளான ஹௌமியா நான்கு மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. அந்த வேகத்தில் அது நீண்ட முட்டையாகிவிட்டது.

பூமியும் சரியான உருண்டை அல்ல. நடுக்கோட்டில் அதன் விட்டம் துருவங்களுக்கு இடையே உள்ளதைவிட 43 கிலோமீட்டர் அதிகம். இதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு கடிகாரம். 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேன் நகரில் தம் ஊசல் கடிகாரத்தை ஓடவிட்டார். பாரிசில் சரியாக ஓடியது அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. அங்கே பூமியின் பிடி சற்றுத் தளர்வு. அட்லஸை எடுத்துக் கயேனிலிருந்து கிழக்கே விரலை நகர்த்து, மகளே. ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவான வட அகலாங்கு. அதே கோட்டில் ஏறத்தாழ உன் சுங்கை சிப்புட் இருக்கிறது. ரிஷே தம் ஊசலோடு உன் ஊருக்கு வந்திருந்தாலும் அதே பாடத்தைத்தான் படித்திருப்பார். மலாயில் 'சிப்புட்' என்றால் நத்தை; நத்தையின் பெயர் கொண்ட ஊரில் கடிகாரம் மெதுவாக ஓடுவதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

சரி, வடை. நடுவும் வேக வேண்டும் என்று அம்மா விரலால் துளை போடுகிறார். கோளில் விரலின் வேலையைச் சுழற்சி செய்ய வேண்டும். இதற்கு உதவும் கணக்கைப் போட்டவர் ஒரு பெண்: சோஃபியா கோவலெவ்ஸ்கயா. 1874இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சனியின் வளையத்தைச் சுழலும் பாய்மமாக, அதாவது நீரைப் போல ஓடும் பொருளாக எண்ணி, அதைக் குறுக்கே வெட்டினால் என்ன வடிவம் தெரியும் என்று கேட்டார். நீள்வட்டம் என்றிருந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாசின் விடையைத் திருத்தி, முட்டை வடிவம் என்று காட்டினார். சனியின் வளையங்கள் துகள்களால் ஆனவை என்பதை இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1859இலேயே நிறுவியிருந்தார். அதனால் என்ன? சனிக்குப் பொருந்தாத கணக்கு உன் வடைக்குப் பொருந்துகிறது.

பூமியின் நிறையளவே கொண்ட, சற்றுப் பருத்த வடையைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது விழுந்து நொறுங்காமல் இருக்க மூன்று மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுழல வேண்டும். அங்கே ஒரு நாள் அவ்வளவுதான். வெளி விளிம்பிலும் துளையின் உள்விளிம்பிலும் நம் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். உள்விளிம்பில் ஒரு லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு இருந்தால், வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தன் உலகத்தின் எதிர்ப்பக்கமே வானில் தெரியும். அச்சு சாயாமல் இருந்தால் அவருக்குச் சூரியனே கிடையாது, எதிர்ப்பக்கம் மறைத்துவிடும். அச்சு சாய்ந்திருந்தால் ஆண்டில் இரண்டு முறை இருண்ட குளிர்காலம் வரும். வடை மிக மெல்லியதானால், குழாயில் ஒழுகும் நீர் துளித்துளியாவது போல உடைந்து கட்டிகளாகிவிடும். இப்படிப்பட்ட கோள் ஒன்றையும் இதுவரை யாரும் கண்டதில்லை.

அங்கே பால்மரம், அதாவது ரப்பர் மரம் சீவ முடியுமா? உன் கேள்வியைப் படித்ததும் எனக்கு வந்த கேள்வி இதுதான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்று இருட்டிலேயே மர நிரைக்குப் போனவர் என் அம்மா. வடைக்கோளில், கடைசி மரத்தைச் சீவி முடித்து மங்குகளில் பால் சேர்வதற்குள் பொழுது விடிந்து, அடைந்து, மறுபடியும் விடிந்துவிடும். மரத்தில் சீவிய கோட்டில் இறங்கும் பாலும் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கும் இரண்டு வாளிகளும் சேர்ந்து இங்கே 30 கிலோ என்றால், வெளி விளிம்பில் 9 கிலோவாகத்தான் தோளை அழுத்தும். அம்மாவின் வலது தோளில் காய்ப்பு ஏறிய இடத்தைத் தொட்டுப் பார்த்தவன் நான். உன் கோளில் அவருக்கு எந்தப் பக்கம் வீடு கட்டித் தருவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி உன் மாமாவிடம் வருகிறேன். 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் முறையை மலேசிய அரசு தொடங்கியபோது இந்தப் பக்கத்தில் எதிர்த்து எழுதினேன். 2009இல் அந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். அத்தோடு அந்த எண்ணமும் போய்விடும் என்று நம்பினேன். அது உன் வீட்டில் இன்னும் குடியிருக்கிறது. ஆங்கிலம் படி, மகளே, நன்றாகப் படி. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கோளை எண்ணிப் பார்த்தவள் நீ. அந்த எண்ணம் உனக்குத் தமிழில்தான் வந்தது. அதை வாய்க்குள்ளேயே நிறுத்தச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

அந்தக் கோளை வரைந்து அனுப்பு. நத்தை ஊரைத் துளையின் உள்விளிம்பில் வை. எதிர்ப்பக்கத்தில் எந்த ஊர் தெரிகிறது என்றும் எழுது. அளவுகளைச் சரிபார்த்துத் தரும்படி மாமாவிடம் கேள். சுழற்சி, ஈர்ப்பு, அச்சு, விட்டம் என்று அவர் தம் கையாலேயே தமிழில் குறித்துக் கொடுக்கட்டும். அடுத்த இதழில் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.