மழையில் சாய்ந்த நெல்லுக்கு அறுவடை மிஷினில் எதை மாற்ற வேண்டும்?

மன்னார்குடிப் பக்கம் குறுவை சாய்ந்து கிடக்கிறது, காய்ந்த வயலுக்கு வைத்த அதே செட்டிங்கில் அறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், நிறைய மணி வயலிலேயே கிடந்துவிடும்.

சேற்றில் டயர் வண்டி புதையும், பெல்ட் வண்டியைக் கூப்பிடுங்கள். கதிர் வண்டியைப் பார்த்துக் கிடக்கிற மாதிரி, சாய்வுக்கு எதிராக ஓட்டச் சொல்லுங்கள். முன்னால் சுழன்று பயிரை உள்ளே தள்ளும் ரீலை இறக்கி, கொஞ்சம் முன்னே தள்ளி, அதன் விரல்களைப் பின்பக்கம் சாய்த்தால் கிடக்கிற பயிரைத் தூக்கிக் கொடுக்கும். கட்டர் மட்டும் மண்ணைத் தொடக் கூடாது.

ஈர வைக்கோல், கதிரடிக்கும் டிரம்மில் சுற்றிக்கொள்ளும். அதனால் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், டிரம் வேகத்தைக் குறைக்காதீர்கள். வெயிலேறிப் பயிர் உலர்ந்த பிறகு குறைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மணி உடையும்.

நான் பெரிதும் நம்புவது இந்தச் சோதனையைத்தான். கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி, பின்னால் விழுந்த வைக்கோலை ஒரு கை அள்ளி உதறுங்கள். கதிரில் மணி ஒட்டியிருந்தால் டிரம்மில் அடி போதவில்லை. தரையில் பதரோடு முழு மணியும் கிடந்தால் பெரும்பாலும் பதரை ஊதும் ஃபேனின் காற்று அதிகம்.

அப்புறம், பனி உலரும் முன் தொடங்காதீர்கள், நெல் ஈரமாக வரும். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம்.