போர் பார்க்காத மனுஷன் எழுதின போர்ப் பாட்டு

கே: கலிப்போலி போர்ல ரெண்டு காலும் போன சிப்பாய் பாடற மாதிரி ஒரு இங்கிலீஷ் பாட்டு கேட்டேன், முடியறதுக்குள்ள கண்ணு கலங்கிடுச்சு. எழுதினவர் எரிக் போகிளாம். பழைய பட்டாளத்துக்காரரா?
- ஒரு வாசகி, கரூர்

ப: நீங்க கேட்டது 'அண்ட் த பேண்ட் ப்ளேய்ட் வால்ட்சிங் மட்டில்டா'. பட்டாளமாவது ஒண்ணாவது, அப்ப அவர் அக்கவுண்டன்ட்டுங்க! 1944ல ஸ்காட்லாந்துல பீபிள்ஸ்ங்கற சின்ன ஊர்ல பொறந்து, இள வயசுல ராக், ஸ்கிஃபிள்னு (வீட்டுச் சாமான்களையும் வாத்தியமாக்கி வாசிக்கற எளிய இசை) கிடாரோட சுத்திட்டு, 1969ல ஆஸ்திரேலியாவுல குடியேறிட்டார். 1971ல கான்பெராவுல ஆன்சாக் தின அணிவகுப்பைப் பார்க்கறார், முதல் உலகப் போர்ல, 1915ல துருக்கியோட கலிப்போலியில இறங்கின ஆஸ்திரேலிய, நியூசிலாந்து சிப்பாய்ங்களை நினைக்கற நாள் அது, கிழவங்க மெடல் குத்திக்கிட்டு நடந்து போறாங்க. அந்த நேரத்துல வியட்நாம்ல சண்டை, ஆஸ்திரேலியப் பசங்களும் அங்க செத்துட்டிருக்காங்க. இவர் சொல்ல நினைச்சது வியட்நாம் பத்திதான், ஆனா கலிப்போலின்னாதான் அந்த ஊர்க்காரங்களுக்கு உள்ள போய் தைக்கும்னு அதை எடுத்துக்கிட்டார். அங்கயே வளர்ந்தவங்களுக்கு அந்த அணிவகுப்பு வருஷா வருஷம் வர்ற சடங்கு, வந்து ரெண்டே வருஷமான ஆளுக்குத்தான் எதுக்குடா நடக்கறாங்கன்னு கேக்கத் தோணும், இது என் கட்சி.

ஒரு ஓட்டையும் இருக்கு. பாட்டுல சிப்பாய்க்கு இரும்புத் தொப்பி குடுக்கறாங்க, 1915 கலிப்போலியில அதெல்லாம் ஏது? அப்புறம்தான் வந்துச்சு. கணக்குப்பிள்ளைக்கே கணக்கு தப்பிடுச்சு!

கே: வந்த உடனே ஹிட்டா?
- வாசகர், திருச்சி

ப: எங்க! 1974ல பிரிஸ்பேன்ல நாட்டுப்புற இசை விழா, அதுல பாட்டுப் போட்டி, முதல் பரிசு ஒரு கிடார், அதுக்கு ஆசைப்பட்டுதான் மனுஷன் கலந்துக்கிட்டார். குடுத்தது மூணாவது இடம், இதுக்கா மூணாவதுன்னு கூட்டத்துல ஒரே கூச்சல். ஆனா அங்க கேட்ட ஒரு பாடகி பாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் பாட, அது ஜூன் டேபர்ங்கற இங்கிலாந்து நாட்டுப்புறப் பாடகி காதுக்குப் போக, அவங்க 1976ல ஆல்பத்துலயே போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் 1985ல தி போக்ஸ்னு ஒரு பேண்ட் பாடினது இன்னும் பெரிய ரவுண்டு வந்துச்சு, குரல் கரகரன்னு இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

கே: விட்டுட்டு வந்த ஊரைப் பத்தி எதுவும் எழுதலையா?
- வாசகி, நாகர்கோவில்

ப: ஏன் இல்லாம? 'லீவிங் நான்சி' கேளுங்க. நான்சி காதலி இல்லீங்க, பெத்த அம்மா. 1969ல கிளம்பறப்ப ஸ்டேஷன்ல அம்மாவைப் பிரிஞ்ச அந்தக் கொஞ்ச நேரம்தான் மொத்தப் பாட்டும், போர்ப் பாட்டுங்களை விட ஒரு படி மேலன்னு நான் சொல்லுவேன். பேரை மட்டும் பார்த்து லவ் சாங்னு யாருக்கும் டெடிகேட் பண்ணிடாதீங்க.